இரண்டு ரூபாய் ரசீது

தேர்தல் பணிக்குப் போய் வந்த ஆசிரியர்களில் சேலஞ்ச் ஓட்டை நேரில் நடத்திப் பார்த்தவர்கள் குறைவு. பயிற்சி வகுப்பில் அதைக் கடைசியில்தான் சொல்வார்கள். வந்திருப்பவர் உண்மையான வாக்காளர் இல்லை என்று ஒரு வேட்பாளரின் முகவர் ஆட்சேபித்தால் அந்த முகவரிடம் இரண்டு ரூபாய் வாங்கி ரசீது கொடுக்க வேண்டும், படிவம் 14இல் பதிய வேண்டும், அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். இரண்டு ரூபாய் என்றதும் வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்தவன்தான்.

2016 மே 16 அன்று, சட்டமன்றத் தேர்தலில் ஒரு வாக்குச்சாவடியின் தலைமை அலுவலராக இருந்தபோது, எனக்கு அது நடந்தது. அதற்கப்புறம் வேறு தேர்தல்களுக்கும் போய் வந்துவிட்டேன். இருந்தும் அன்று ஒரு முகவர் பையன் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் மட்டும் இன்னும் விடவில்லை. விதிப்படி நான் சொன்னது சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் மாற்றிப் பேசுவதுபோலத் தோன்றலாம்.

முகவர்கள் உட்காரும் வரிசைக்கும் விதி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட தேசியக் கட்சி, மாநிலக் கட்சி என்று போய், பதிவு மட்டும் செய்த கட்சிகள் அதற்குப் பின்னால், சுயேச்சைகள் கடைசி. பள்ளிக்கூட பெஞ்சில் முன்னால் இரண்டு பெரிய கட்சிகளின் முகவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், உறவுமுறை சொல்லித்தான் பேசிக்கொண்டார்கள். பின்னால் சுவரோரம் அந்தப் பையன். அங்கீகாரம் இல்லாத சின்னக் கட்சி, அந்த ஊரில் அவன் ஒருத்தன்தான் என்று பிறகு சொன்னார்கள். முகவர் நியமனக் கடிதமான படிவம் 10ஐப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தான். காலையில் இயந்திரத்தைச் சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றவனும் அவன்தான்.

பதினொரு மணி வாக்கில், வரிசை நீண்டிருந்த நேரம். முதல் வாக்குப்பதிவு அலுவலர் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படித்தார். முன் பெஞ்சில் இருவரும் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டார்கள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், இது அவர் இல்ல. இவரு அவரோட தம்பி. அண்ணன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்காரு, ஊருக்கே வரல."

முன் பெஞ்சில் ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம பையன்தான் சார், விடுங்க" என்றார். இன்னொருவர் திரும்பி, "ஏன்டா, உங்க பெரியப்பா வீட்டுப் பங்காளியவே உனக்கு அடையாளம் தெரியலையா?" என்று கேட்டார். எதிரெதிர்க் கட்சிகள், ஒரே பதில்.

நான் முறைப்படியே செய்தேன். இரண்டு ரூபாய் வாங்கி ரசீது எழுதினேன். வந்தவரிடம் ஆள்மாறாட்டத்துக்கு என்ன தண்டனை என்று எச்சரித்தேன். அவர் நடுங்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. புகைப்பட வாக்காளர் சீட்டு வைத்திருந்தார், அப்போது அது செல்லும். கறுப்பு வெள்ளைப் படம், அண்ணன் தம்பி யாருக்கும் பொருந்தும். பையனிடம் ஆதாரம் கேட்டேன். "திருப்பூருக்குப் போன் போட்டுப் பாருங்க சார்" என்றான். போனில் வரும் குரல் யாருடையது என்று நான் எப்படிச் சொல்வது? வாசலில் நின்ற கிராம உதவியாளரைக் கூப்பிட்டேன். "ரெண்டு பேரும் ஒரே சாடைங்க" என்று சொல்லிவிட்டு அவர் முன் பெஞ்சைப் பார்த்தார். ஆட்சேபம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதி வாக்களிக்க அனுமதித்தேன்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முன் பெஞ்சில் ஒருவர், "பொய்ப் புகார்னு எழுதி அந்த ரெண்டு ரூபாயக் கவர்மெண்டுக்கு எடுத்துக்கங்க சார், அப்பத்தான் புத்தி வரும்" என்றார். அதற்கும் விதியில் இடம் உண்டு. வேண்டுமென்றே கிளப்பிய வீண் ஆட்சேபம் என்று தலைமை அலுவலருக்குப் பட்டால் பணம் அரசுக்குப் போகும், இல்லாவிட்டால் திருப்பித் தரவேண்டும். எனக்கு அப்படிப் படவில்லை. திருப்பித் தர முடிவு செய்தேன். பணத்தைத் திரும்பப் பெற்றதற்கு ஆட்சேபித்தவர் கையெழுத்துப் போட படிவம் 14இல் ஒரு கட்டம் இருக்கிறது. பேனாவை நீட்டினேன்.

"கையெழுத்துப் போட்டா நான் சொன்னது பொய்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமா சார்?"

"ஆகாது."

"அப்ப நிஜம்னு ஆகுமா?"

"அதுவும் ஆகாது. பணம் வாங்கினேன்னு மட்டும்தான் அர்த்தம்."

கையெழுத்துப் போட்டான். மதியம் சாப்பாட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

அவன் ஏன் வரவில்லை என்பதற்கு நான் பல காரணங்களை அடுக்கிவைத்திருக்கிறேன். பெரிய கட்சிகளின் முகவர்களுக்குப் பொட்டலச் சாப்பாடு வந்தது, அவனுக்குக் கொண்டுவர ஆள் இல்லை. ஒரு முகவரோடு இரண்டு மாற்று முகவர்களை வைத்துக்கொள்ளலாம், அவனுக்கு ஒருவர்கூட இல்லை. மே மாத வெயிலில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருக்கலாம். இல்லை, வழியில் யாராவது ஒரு பெரியப்பா நிறுத்தி இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். இது கடைசிவரை எனக்குத் தெரியப்போவதில்லை. மாலை வாக்குப்பதிவு முடிந்து, பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி நகல்களைக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ள இருவர்தான் இருந்தார்கள்.

எனக்குச் சாதகமான வாதம் ஒன்று உண்டு. உண்மையான அண்ணன் அன்று வந்திருந்தால் "என் ஓட்டை யாரோ போட்டுட்டாங்க" என்று நின்றிருப்பார், அவருக்கு டெண்டர் ஓட்டு, அதாவது தன் பெயரில் ஏற்கனவே ஓட்டு விழுந்துவிட்டவருக்கான தனி வாக்குச்சீட்டு, கொடுத்திருப்பேன். அப்படி யாரும் வரவில்லை. ஆகவே வந்தவர்தான் அவர். ஆனால் திருப்பூரில் இருக்கும் மனிதர் எப்படி வந்து நிற்பார்? இந்த வாதத்தை நானே கட்டி நானே இடித்துக்கொள்கிறேன்.

என்னை உறுத்துவது அந்த ஒரு ஓட்டு என்றுகூடச் சொல்ல மாட்டேன், ஏற்பாடுதான். வாக்குச்சாவடி அலுவலர்களை வேண்டுமென்றே தெரியாத ஊருக்கு அனுப்புகிறார்கள், நல்லதுதான். ஆகவே ஊரைத் தெரிந்தவர்கள் முகவர்கள் மட்டுமே. அவன் கொண்டுவரும் ஆளை இவன் பார்த்துக்கொள்வான், இவன் ஆளை அவன் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில்தான் எல்லாமே ஓடுகிறது. இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்வரை அது நன்றாக ஓடும். இரண்டு பேரும் ஒரே குரலில் "நம்ம பையன்தான்" என்று சொன்னால் என்ன செய்வது? எதிரிகளே ஒத்துக்கொள்வதால் சாட்சி இரண்டு மடங்கு பலமாகிறது என்று அன்று எடுத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த இடத்தில்தான் மூன்றாவது ஆள் தேவைப்படுகிறான். மூன்றாவது ஆளோ சுவரோரம் ஒற்றையாக உட்கார்ந்திருக்கிறான், பேசினால் நாளைக்கும் அதே தெருவில் நடக்க வேண்டியவன்.

மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. இரண்டு தொகுதிகளில் தேர்தல் தள்ளிப்போனதால் 232 இடங்கள். அதிமுக 134, திமுக கூட்டணி 98. கூட்டினால் 232. இடதுசாரிகள், மதிமுக, விடுதலைச் சிறுத்தைகள் சேர்ந்து ஆரம்பித்த மக்கள் நலக் கூட்டணிக்கு, தேமுதிகவும் தமாகாவும் வந்து சேர்ந்த பிறகும், ஒரு இடமும் இல்லை. தனியாக நின்ற பாமக 5 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் பூஜ்ஜியம். காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் தோற்றது 87 வாக்கில். ராதாபுரத்தில் வித்தியாசம் 49. அங்கே தபால் வாக்குகளில் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லுமா செல்லாதா என்று வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. ஆசிரியர்கள் அறையில் நாங்கள் அதிகம் பேசியது அதைத்தான்.

மூன்றாவது அணி ஏன் தோற்கிறது என்றால் எல்லோரும் தலைமையைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். எனக்கு அந்த பெஞ்ச்தான் கண்ணில் படும். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் 65 ஆயிரத்துக்கும் மேல் வாக்குச்சாவடிகள். சாவடிக்கு ஒருவர், அவருக்குச் சாப்பாடு கொண்டுவர ஒருவர் என்றாலே ஒன்றேகால் லட்சம் பேருக்கு மேல் வேண்டும். அதுவும் அந்தந்த ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். அப்போதைய விதிப்படி அதே சாவடியின் வாக்காளரோ பக்கத்துச் சாவடியின் வாக்காளரோதான் முகவராக வரலாம். பின்னால் அதைத் தொகுதிக்குள் யாரும் வரலாம் என்று தளர்த்தினார்கள். சின்னக் கட்சிக்கு அது உதவிதான். ஆனால் வெளியிலிருந்து வருகிறவனுக்கு அண்ணன் தம்பி சாடை தெரியுமா? உள்ளூர்க்காரனுக்குத் தெரியும், பேச முடியாது. வெளியூர்க்காரன் பேசலாம், தெரியாது.

சரி, ஆள் பலம்தான் எல்லாம் என்று முடிக்கலாம் என்றால், அதுவும் ஒத்துவரவில்லை. தேமுதிக 2006இல் புதுக் கட்சியாக, கூட்டணி இல்லாமல் நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, கிடைத்தது விருத்தாசலம் ஒன்றுதான். 2011இல் இரண்டில் ஒன்றோடு சேர்ந்தபோது 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் வந்தது. அடுத்த முறை இரண்டையும் எதிர்த்து நின்றால் 2.4 சதவீதம். ஆள் இருந்த காலத்தில் இடம் இல்லை, இடம் வந்த பிறகு ஆள் கரைந்துவிட்டது. இன்னொரு பக்கம் நாம் தமிழர் கட்சி 2021இல் 6.6 சதவீதம் வாங்கியது, 2024 மக்களவைத் தேர்தலில் கரும்பு விவசாயி சின்னம் கைவிட்டுப் போய் ஒலிவாங்கியில் நின்றும் 8 சதவீதம் தாண்டி மாநிலக் கட்சி அங்கீகாரத்துக்குத் தகுதி பெற்றது. அவர்களுக்கு எல்லா பெஞ்சிலும் ஆள் இருந்ததாக நான் பார்க்கவில்லை. இடம் என்னவோ அங்கேயும் இல்லைதான். அங்கீகாரம் வந்தால் வரிசையில் முன்னால் உட்காரலாம், அது மட்டும் நிச்சயம்.

இவ்வளவு பேசுகிறவன் யாருக்கு ஓட்டுப் போட்டான் என்று கேட்டால், அந்தத் தேர்தலில் நான் தபாலில் போட்டது இரண்டில் ஒன்றுக்குத்தான். மூன்றாவதுக்குப் போட ஆசை இருந்தது. வீணாகிவிடும் என்று தோன்றியது. தனி மனிதனாக அது எனக்கு நியாயமாகவே இன்னும் படுகிறது. ஒரு வாக்கு கூடுதலாகப் பெறுகிறவனுக்கே முழுத் தொகுதியும் என்றிருக்கும்போது, எல்லோரும் இப்படி நியாயமாக யோசித்துத்தான் அந்தப் பையனைச் சுவரோரம் உட்கார வைத்திருக்கிறோம்.

தலைமை அலுவலராக யோசித்தால் வேறு மாதிரி. முகவர்கள் கூடக்கூடத் தலைவலி. ஒரு சேலஞ்ச் ஓட்டுக்கே இருபது நிமிடம் போனது, வெயிலில் நின்ற பெண்கள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். அன்று அவன் மதியத்துக்கு மேல் வராதது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது, 17சி நகல் பெற்றதற்குக் கையெழுத்தும் சட்டென்று வாங்கினேன்.

ஒருமுறை பயிற்சி வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஓர் இளம் ஆசிரியை எழுந்து, "சார், ரெண்டு பெரிய கட்சி ஏஜெண்டும் ஆமாங்கறாங்க, ஒரு சின்னக் கட்சி ஏஜெண்ட் மட்டும் இல்லங்கறாரு. நாங்க யார நம்பறது?" என்று கேட்டார். பயிற்சி கொடுத்தவர், "ஆதாரத்த நம்புங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார். ஆதாரத்தை யாரிடம் கேட்பது என்று அந்த ஆசிரியை மறுபடி கேட்கவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கேட்டிருந்தால் கிராம உதவியாளரைக் கூப்பிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.