கேட்டதற்கு மட்டும் பதில்

தூணுக்குள் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பிகளின் இடைவெளி ஓர் அடி. அதைக் கண்ணால் பார்த்தபின் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் பழைய கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கிற யாரும் 1968-ஐ மறக்க மாட்டார்கள். அந்த ஆகஸ்ட் பூகம்பத்தில் ரூபி டவர் என்ற ஒரே அடுக்குமாடி சரிந்து இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ரிங் நெருக்கமாக இருந்தால்தான் தூண் ஆடும்போது உள்ளிருக்கும் கான்கிரீட் சிதறாது. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வழக்கம் இன்னும் வேர் பிடிக்கவில்லை. மணிலாவின் வணிகப் பகுதியான மகாட்டியில் நாங்கள் சோதித்த அலுவலகக் கட்டடம் அந்தக் காலத்தது.

அது பிலிப்பைன்ஸின் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் லியாண்ட்ரோ லொக்சின் கட்டியதல்ல. அவர் காட்டிய வழியில் வேறொருவர் கட்டியது. கனத்த கான்கிரீட் பெட்டி ஒன்று தரைத்தளத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சுவரில் மேல்சிமென்ட்டைக் கழுவி, கூழாங்கல் தெரியும்படி விட்டிருந்தார்கள். கையால் தடவினால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தட்டுப்படும். லொக்சின் கட்டிய பிலிப்பைன்ஸ் கலாச்சார மையத்துச் சுவரில் கடற்சிப்பிகளை நொறுக்கிச் சேர்த்திருப்பார்கள். அதைப் பார்த்து வந்த யோசனையாகத்தான் இருக்க வேண்டும்.

என்னோடு வேலை பார்த்த ஆர்க்கிடெக்ட் வயதில் மூத்தவர். சோதனைக்காகக் கான்கிரீட்டைத் துளைத்து கோர் எடுக்கிற இயந்திரம் சுவரில் இறங்கும்போதெல்லாம் தள்ளிப் போய் நின்றுகொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் டிலிமான் வளாகத்துத் தேவாலயத்துக்கு அழைத்துப் போனார். இசை படிக்கப் போய், பிறகு கட்டடக்கலைக்கு மாறிய லொக்சின் தன் 27 வயதில், 1955-இல் முடித்தது. வட்டமான கூடம், மேலே மெல்லிய கான்கிரீட் கவிகை, நடுவில் பலிபீடம், நாலாபுறமும் திறப்பு. பூசை நடக்கும்போது காற்று குறுக்கே வீசுகிறது. அவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே எங்கும் பாரம் தெரியவில்லை. கணக்குப் போடுகிறவனான எனக்கே கணக்கு மறந்துபோனது. பொறியாளர் அல்ஃப்ரெடோ ஹுனியோ இல்லாமல் அந்தக் கவிகை நின்றிருக்காது என்று ஆர்க்கிடெக்ட் சொன்னது எனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அறிக்கை கொடுத்த கூட்டத்தில் சொந்தக்காரர் தரப்பிலிருந்து ஒருவர் கேட்டார்: “நாளைக்கே பூகம்பம் வந்தால், உங்கள் பிள்ளையை இந்தக் கட்டடத்தில் உட்கார வைப்பீர்களா, என்ஜினியர்?”

“மாட்டேன், சார்” என்றேன்.

வெளியே வந்ததும் ஆர்க்கிடெக்ட் மெதுவாகக் கேட்டார்: “தூண்களுக்கு ஜாக்கெட் போட்டபிறகு உட்கார வைப்பீர்களா?”

“தாராளமாக.”

“அதை ஏன் உள்ளே சொல்லவில்லை?”

ஜாக்கெட் என்றால் பழைய தூணைச் சுற்றிப் புதிதாக ஓர் உறை போட்டுப் பலப்படுத்துவது. அதைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. பலப்படுத்தும் வழியும் செலவும் அறிக்கையில் இருந்தன. படிக்க வேண்டியவர்கள் அவர்கள். பொறியாளன் கேள்வியைத் தாண்டிப் பேசினால், கட்டடத்தின் மேல் ஆசை வைத்துப் பேசுகிறான் என்றுதான் நினைப்பார்கள். அப்புறம் அவன் எண்களை யார் நம்புவது? இப்படிச் சொல்லும்போது எனக்கே நியாயமாகப் படுகிறது. ஆனால் “மாட்டேன்” என்பதோடு நான் நிறுத்திய இடத்தில்தான் அவர்களுடைய தீர்மானமும் நின்றது. மாதங்கள் கழித்து, இடிக்கும் அனுமதிக்கான விண்ணப்பத்தில் நான் சொன்னதை மேற்கோள் காட்டியிருந்ததாக ஆர்க்கிடெக்ட் சொன்னார்.

சட்டமும் கைகொடுக்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் பாரம்பரியச் சட்டப்படி ஐம்பது வயதைத் தாண்டிய கட்டடத்தை முக்கியமானதாகக் கருதுவார்கள். தேசியக் கலைஞர் பட்டம் பெற்றவர்களின் படைப்புகளுக்கும் அந்தத் தகுதி உண்டு. இதற்கு ஐம்பது ஆகச் சில வருடங்கள் பாக்கி. கட்டியவர் தேசியக் கலைஞரும் இல்லை. அப்படியே இருந்திருந்தாலும் என்ன? லொக்சினுக்கு 1990-இல் அந்தப் பட்டம் கிடைத்தது. அவர் கட்டிய இன்டர்கான்டினென்டல், மாண்டரின் ஓரியன்டல் என்ற இரண்டு ஹோட்டல்களும் அதே மகாட்டியில் இப்போது இல்லை. அந்த நிலத்தின் விலைக்கு முன்னால் நான் கூடச் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாக்கியம் எம்மாத்திரம்?

இதை ஆர்க்கிடெக்டிடமும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. “இடித்துத்தான் இருப்பார்கள். ஆனால் பணத்துக்காக இடிக்கிறோம் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டி வந்திருக்கும்” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ரிங் இடைவெளியில் நான் மாற்றிச் சொல்ல எதுவும் இல்லை என்பதும் அப்படியேதான் இருக்கிறது.