குருநகர் மருமகளும் கடலடிக் கருவிகளும்

தூத்துக்குடியில் பிறந்த எனக்குக் கடல் புதிதல்ல, நாடுதான் புதிது. திருமணமாகி யாழ்ப்பாணம் குருநகருக்கு வந்த நாளில், வலை காயும் வாசனையும் யாகப்பர் கோயில் மணியும் எங்கள் பனிமய மாதா கோயில் தெருவையே நினைவூட்டின. ஆனால் வதிவிட விசா, வங்கிக் கணக்கு, எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்று அலைந்தபோதுதான், மொழி ஒன்றானாலும் நான் வெளிநாட்டுக்காரி என்பது உறைத்தது. தெரிந்தவர் என்று யாரும் இல்லாத ஊரில் ஒரு பொருளை வாங்குவதுகூடக் கடினம். எங்கே வாங்குவது, யாரை நம்புவது, பழுதானால் யாரிடம் போவது என்று எதுவும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரை முதுகில் சுமந்து கடலடியில் நீந்துவது, கற்கத் தொடங்கினேன். என் தாய்மாமன் சங்கு குளிக்கப் போனவர். கடலடியில் கண்டதையெல்லாம் அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தேன். எங்கள் வீட்டுப் பெண்களுக்கோ கடல் கரையோடு முடிந்துவிடும். அந்த அடிக்கடலை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை சிறு வயதிலிருந்தே இருந்தது. வேலைக்கு இன்னும் அனுமதி கிடைக்காமல் வீட்டில் இருந்த மாதங்களில் அது வலுத்தது.

யாழ்ப்பாணத்தில் கற்றுக்கொடுக்கும் கடை எதுவும் என் கண்ணில் படவில்லை. பாக்கு நீரிணைப் பக்கக் கடல் ஆழம் குறைந்தது, காற்றடித்தால் கலங்கிவிடும். புதிதாகக் கற்பவர்களுக்குத் திருகோணமலைதான் வசதி. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவைச் சுற்றிப் பவளப்பாறைகள் உண்டு. கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் அங்கே பெரும்பாலும் கடையை மூடிவிடுவார்கள்.

ஆனால் என் முதல் ஆசிரியர் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார். கடலட்டை பிடிக்கச் சிலிண்டரோடு கடலில் இறங்கிய சுழியோடி அவர். இப்போது தொழிலை விட்டுவிட்டார், இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். மாமி என்னை அவரிடம் அழைத்துப்போனார். "பிள்ளை, காற்று முடிகிறதே என்று ஒருநாளும் அவசரப்பட்டு மேலே வராதே. நான் அப்படி வந்தவன்" என்றார். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைகிறது. மெதுவாக ஏறினால் அது மூச்சோடு வெளியேறும், வேகமாக ஏறினால் குமிழியாகி நரம்பையும் மூட்டையும் தாக்கும். இதைப் பிறகு வகுப்பில் படித்தேன். அவருக்கு அந்த வகுப்பு கிடைக்கவில்லை. ஒரே இரவில் பலமுறை இறங்கி ஏறியவர்களில் கால் செயலிழந்தவர்கள் இன்னும் உண்டு என்று அவர் சொன்னார். எதை முதலில் வாங்கலாம் என்று கேட்டேன். ஆழத்தையும் ஏறும் வேகத்தையும் காட்டும் மணிக்கூட்டை வாங்கு என்றார். டைவ் கம்ப்யூட்டரைத்தான் அப்படிச் சொன்னார். என்னைக் கேட்டால், எந்த விற்பனையாளரும் எனக்கு இதைவிட நல்ல புத்தி சொன்னதில்லை.

விசாவைப் புதுப்பிக்கக் கொழும்புக்குப் போனபோது அங்கே ஒரு கடையில் ஏறினேன். தமிழில் இனிமையாகப் பேசினார்கள். "முழு செட்டாக எடுத்தால் லாபம், மிஸ்" என்று கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கிலிருந்து, காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் மேற்சட்டையான பிசிடி வரை மேசையில் பரப்பிவிட்டார்கள். நான் எங்கே கற்கிறேன், எத்தனை பவர் கண்ணாடி போடுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுவாசிக்க வாயில் கடிக்கும் ரெகுலேட்டரில் பயன்படுத்திய ஒன்றைக் காட்டி, இரண்டே சீசன் ஓடியது என்றார்கள். கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். வாயில் கடிக்கும் ரப்பரில் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. குழாயை வளைத்தபோது, உலோகத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தது என்று கேட்டேன். காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

ரெகுலேட்டர் என்பது சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை இரண்டு கட்டமாகக் குறைத்து, நாம் இருக்கும் ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் வாய்க்குத் தரும் கருவி. பத்து மீட்டர் இறங்கினால் வெளியழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரண்டு மடங்காகிவிடும். இவ்வளவு வேலையையும் செய்வது உள்ளேயிருக்கும் சில ரப்பர் வளையங்களும் ஒரு சவ்வும்தான். அவை தேயும், உப்பு படியும். ஆகவே பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்து உதிரிப் பாகங்களை மாற்ற வேண்டும். அந்தப் பிராண்டின் உதிரிப் பாகமும் அதைப் பிரிக்கத் தெரிந்த கையும் எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வீண். சென்னையில் வாங்கிப் பலாலி விமானத்தில் கொண்டுவந்துவிடு என்று அண்ணன் சொன்னான். சர்வீசுக்கு ஒவ்வொரு முறையும் சென்னைக்கா போவது? வேண்டாம் என்றேன்.

நிலாவெளியில் நான் கற்ற கடை ஓலைக் கூரை போட்ட சிறிய இடம். போனதும் சிலிண்டரில் காற்று நிரப்பும் அவர்களது கம்ப்ரசரைத்தான் முதலில் பார்த்தேன். எஞ்சின் புகை ஒரு பக்கம் போக, காற்றை உறிஞ்சும் குழாய் எதிர்ப்பக்கம் உயரத்தில் இருந்தது. புகை சிலிண்டருக்குள் போனால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் என்பதால் இதைப் பார்த்தே ஆக வேண்டும். சிலிண்டரின் தோளில் கடைசியாக அழுத்தச் சோதனை செய்த மாதமும் ஆண்டும் பொறித்திருந்தன. வால்வைச் சற்றுத் திறந்து முகர்ந்து பார்த்தேன், எண்ணெய் வாடை இல்லை. இவ்வளவையும் நான் பார்ப்பதைக் கடையை நடத்தும் அண்ணை தடுக்கவில்லை. "பாருங்கள் தங்கச்சி, வடிவாகப் பாருங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு அந்தக் கடை அப்போதே பிடித்துவிட்டது.

கற்று முடிக்கும்வரை மாஸ்க் தவிர எதையும் வாங்காதீர்கள் என்று அவரே சொன்னார். விற்பதற்கு அவரிடம் ரெகுலேட்டர் இருந்தும் அப்படிச் சொன்னார். ஓபன் வாட்டர் என்ற தொடக்கநிலைப் பயிற்சியில் நான்கு முறை கடலில் இறங்க வேண்டும், அதிகபட்ச ஆழம் 18 மீட்டர். கருவிகளின் வாடகை கட்டணத்திலேயே சேர்ந்துவிடும்.

மாஸ்க்கை மட்டும் பொறுமையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டையைப் பின்னால் மாட்டாமல், முடியை ஒதுக்கிவிட்டு மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளிழுக்க வேண்டும். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது நம் முகத்துக்கு உரியது. அதோடு விடாமல், ரெகுலேட்டரை வாயில் கடித்தபடியும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். கடிக்கும்போது கன்னம் மாறுவதால், சரியாக இருந்த மாஸ்க்கும் சில முகங்களில் ஓரம் தூக்கும். காது அடைப்பை எடுக்க மூக்கை விரலால் பிடிக்க வேண்டும், அதற்கு மூக்குப் பகுதி மென்மையாக இருப்பது முக்கியம். எனக்குக் கிட்டப்பார்வை. சில மாடல்களுக்கு அரை அரைப் பவர் இடைவெளியில் ஆயத்த கண்ணாடிகள் கிடைக்கின்றன. கடலுக்குள் எல்லாம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால், சற்றுக் குறைந்த பவரே எனக்குப் போதுமாக இருந்தது. புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். பற்பசையால் நன்றாகத் தேய்க்காவிட்டால் கடலில் பனி மூடியதுபோல் மங்கிவிடும்.

பிறகு கம்ப்யூட்டர் வாங்கினேன். நிமிடத்துக்கு ஒன்பது மீட்டரைத் தாண்டி ஏறினால் கத்தும், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்லும். முதன்முறை அதன் சொற்படி அந்த ஐந்து மீட்டரில் கயிற்றைப் பிடித்து நின்றபோது, ஒழுங்கை அண்ணையின் காலைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர் உழைத்த காலத்தில் இப்படி ஒன்று அவர் கையில் இருந்திருந்தால் என்று இப்போதும் மனம் வலிக்கிறது. கடலட்டைக்கு இன்றும் இறங்கும் பிள்ளைகளுக்குக் கருவியும் பயிற்சியும் கிடைக்க வேண்டும் என்று சந்திப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரெகுலேட்டரைக் கடைசியாக, நிலாவெளி அண்ணையிடமே எடுத்தேன். வால்வை மூடிய சிலிண்டரில் பொருத்தி, வாயில் வைத்து உறிஞ்சச் சொன்னார். காற்றே வரக்கூடாது, வந்தால் எங்கோ ஒழுக்கு. வரவில்லை. இந்த ஆண்டு சீசன் முடியும்போது அவரிடமே சர்வீசுக்குக் கொடுத்துவிடுவேன். பிசிடி இன்னும் வாடகைதான். அது கனம், யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகப் பஸ்ஸில் சுமந்துபோக எனக்கு முதுகு இடம் தராது.

வீட்டில் இதையெல்லாம் கழுவுவதுதான் பெரிய பாடு. குருநகர்க் கிணற்று நீர் உவர், நல்ல தண்ணீர் எண்ணித்தான் செலவாகும். மாமி ஒரு வாளி ஒதுக்கித் தருகிறார். ரெகுலேட்டரின் மூடியை இறுக்கி, நடுப்பொத்தானை அழுத்தாமல் ஊறவிட வேண்டும். அழுத்தினால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். பிறகு அதே தண்ணீரில் மாஸ்க், காலில் மாட்டும் ஃபின், கடைசியில் உடலோடு ஒட்டும் நீச்சலுடையான வெட்சூட். மிஞ்சியது முருங்கைக்குப் போகிறது. ஓரளவு உப்பை அந்த மரம் தாங்கிக்கொள்கிறது.

மச்சாளும் இப்போது கற்க வேண்டும் என்கிறாள். என் மாஸ்க்கை வைத்துப் பார்த்தாள், மூச்சை இழுத்தும் நிற்காமல் கையில் விழுந்துவிட்டது. அவளுக்கு வேறு வாங்க வேண்டும். அடுத்த மே பிறந்ததும் நிலாவெளிக்குப் பேசிவிட்டு இருவருமாகப் பஸ் ஏறுகிறோம். கடைசியாகக் கடலில் இறங்கியதற்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது என்பதால், தூத்துக்குடிப் பயணத்தை அதற்கு அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.