எல்பிஐசி-1, 102 தேர்வு: 460-லிருந்து 620-க்கு

லினக்ஸ் நிர்வாகிகளுக்கான எல்பிஐசி-1 சான்றிதழுக்கு 101, 102 என்று இரண்டு தேர்வுகள். நேற்று மாலை இரண்டாவதான 102-ஐ முடித்ததும் திரையில் 620 என்று வந்தது. தேற 500 போதும். போன முறை 460-இல் நின்றுவிட்டேன், அன்றைக்கு வீட்டில் யாரோடும் சரியாகப் பேசக்கூட இல்லை. அந்தப் பாரம் இப்போதுதான் இறங்கியிருக்கிறது.

60 கேள்வி, 90 நிமிடம், எந்தத் தலைப்புக்கு எவ்வளவு வெயிட்டேஜ் என்பதெல்லாம் 101 முடித்தவர்களுக்குத் தெரியும். கேள்விகளை மட்டும் கேட்காதீர்கள். வெளியே சொல்லமாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம்.

முதல் முறை கமாண்ட் ஒரு பக்கம், ஆப்ஷன் மறுபக்கம் என்று அட்டை எழுதி உருப்போட்டேன். லினக்ஸில் திரையை வரையும் எக்ஸ்11 வரும் 106-ஆம் தலைப்பை, மொத்தமே 4 கேள்விதானே என்று தொடவே இல்லை. இரண்டாவது முறை நான் அதிகம் கற்றது அந்த 106-இல் ஆரம்பித்துத்தான். காரணம், என் பிரவுசர்.

பயிற்சிக்கு ஒரு பழைய ஒர்க்ஸ்டேஷன் வைத்திருக்கிறேன். நான்கு கோர், 16 ஜிபி ரேம், இன்டெல் கிராபிக்ஸ். அதில் ஃபயர்பாக்ஸில் ஸ்க்ரோல் செய்தால் பக்கம் திட்டுத் திட்டாக வந்து சேரும். வீடியோ போட்டால் ஃபேன் அலறும். டாப் கமாண்டில் பார்த்தால் பிரவுசர் மட்டுமே 300 சதவீதம் சிபியு எடுக்கும். மெஷின் பழசு, அப்படித்தான் இருக்கும் என்று ஆறு மாதம் பொறுத்துக்கொண்டேன். நடுவில் ஃபயர்பாக்ஸின் உள் செட்டிங்குகள் இருக்கும் அபௌட்:கான்ஃபிக் பக்கத்துக்குப் போய், 'ஃபோர்ஸ்' என்று பெயரில் இருந்ததையெல்லாம் ஆன் செய்து பார்த்தேன். வேகம் கூடவில்லை.

தேர்வில் தோற்ற வாரம், அட்டைகளை மூடிவைத்துவிட்டு, படத்தை எது வரைகிறது என்று காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கமாண்டை ஓட்டினேன். ரெண்டரர் என்ற வரியில் இன்டெல் பெயரைக் காணோம். 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது. கிராபிக்ஸ் சிப் செய்யவேண்டிய வேலையை சிபியு தலையில் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஃபயர்பாக்ஸின் அபௌட்:சப்போர்ட் பக்கத்திலும், இணையப் பக்கங்களை வரையும் பகுதியான வெப்ரெண்டருக்கு நேரே சாஃப்ட்வேர் என்றே போட்டிருந்தது. பிரவுசருக்குள் எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லாமல் போனது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்து /வார்/லாக் கீழே இருக்கும், எக்ஸ்11-ஐ ஓட்டும் எக்ஸ்ஆர்க்கின் லாக். பிழையைக் குறிக்கும் ஈஈ என்று தொடங்கும் வரியில், கிராபிக்ஸ் கார்டுக்கான கோப்பு /டெவ்/டிஆர்ஐ/கார்டு0 இல்லை என்று இருந்தது. ஏன் இல்லை? கர்னலின் லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் -கே போட்டேன். கர்னல் கமாண்ட் லைனில் ஒரே ஒரு சொல்: நோமோட்செட்.

லினக்ஸ் நிறுவிய அன்று திரை கறுத்துப்போனதால் நானே சேர்த்தது அது. லினக்ஸை பூட் செய்யும் கிரப்பின் செட்டிங் இருக்கும் /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் அப்படியே தங்கிவிட்டது. அது இருக்கும்வரை இன்டெல் டிரைவர் வேலைக்கு வராது. அதற்குப் பிறகு கர்னல் பல தடவை அப்டேட் ஆகி, அந்தக் கறுப்புத் திரைப் பிரச்சினையும் போய்விட்டிருந்தது. சொல்லை அழித்தேன், அப்டேட்-கிரப், ரீபூட். ரெண்டரர் வரியில் இன்டெல் வந்தது. ஃபேன் அடங்கியது. அன்றிரவு ஒரு மணி வரை சும்மா ஸ்க்ரோல் செய்துகொண்டே இருந்தேன்.

இந்த ஒரு பிரச்சினையைத் துரத்தியதில் என்னென்ன கைக்கு வந்தது, தேர்வின் தலைப்பு எண்களோடு பாருங்கள்:

- 105: ஃபயர்பாக்ஸை, எக்ஸ்11-க்கு மாற்றான வேலாண்டில் ஓட்டும் மோஸ்_எனேபிள்_வேலாண்ட் என்ற என்விரான்மென்ட் மாறி. எக்ஸ்போர்ட் செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன.
- 106: டிஸ்ப்ளே மாறி, எக்ஸ் திரையை யார் பயன்படுத்தலாம் என்று தீர்மானிக்கும் எக்ஸ்ஆத், எக்ஸ்ஹோஸ்ட். பெரிய எக்ஸ்ஆர்க்.கான்ஃப் எழுதாமல், அதன் .டி அடைவில் சின்னக் கோப்பு வைப்பது.
- 107: /டெவ்/டிஆர்ஐ கோப்புகளுக்கான வீடியோ, ரெண்டர் குழுக்கள். பயனரைக் குழுவில் சேர்க்கும் யூசர்மாடில் -ஜி-யோடு -ஏ ஏன் கட்டாயம்.
- 108: ஜர்னல்சிடிஎல்.
- 110: நெட்வொர்க் வழியாக வேறு மெஷினுக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச்.

கடைசி வரியைக் கொஞ்சம் விரிக்கிறேன். எஸ்எஸ்ஹெச் -எக்ஸ் வழியாக வேறு மெஷினின் பிரவுசரைத் திறந்தால், அங்கே எவ்வளவு நல்ல கார்டு இருந்தாலும் ஊர்ந்துதான் வரும். அங்கே வரைந்த படம் நெட்வொர்க் வழியாக, உங்கள் மெஷினில் திரையை வரையும் எக்ஸ் சர்வருக்கு வந்தாகவேண்டும். பிரவுசரை இங்கேயே திறந்து, எஸ்எஸ்ஹெச் -டி போட்டு, பிரவுசரின் இணைப்பை மட்டும் அந்த மெஷின் வழியாக அனுப்பும் சாக்ஸ் பிராக்சி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் சர்வர் உட்கார்ந்த இடத்தில், கிளையன்ட் தூரத்தில் என்பது எனக்கு இப்படிச் செய்து பார்த்தபிறகுதான் மண்டையில் ஏறியது.

வீடியோ மட்டும் இழுத்தால், கிராபிக்ஸ் சிப் எந்தெந்த வீடியோ வடிவங்களை (கோடெக்) பிரிக்கும் என்று பட்டியலிடும் விஏஇன்ஃபோ கமாண்டைப் பாருங்கள். அந்த வீடியோவின் கோடெக் பட்டியலில் இல்லையென்றால் சிபியுதான் பிரிக்கும். ஃபயர்பாக்ஸ் 115-இலிருந்து இன்டெல் கார்டுகளுக்கு லினக்ஸில், சிப்பை வைத்து வீடியோ பிரிக்கும் வசதி தானாகவே ஆன் ஆகியிருக்கும். இது தேர்வுக்கு வேண்டாம், உங்கள் நிம்மதிக்கு.

உருப்போட்டே தேறுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வரவில்லை, ஏதாவது ஒன்று கெட்டுப்போனால்தான் படிக்க வருகிறது. உங்களுக்கும் அப்படியென்றால், தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் இதைச் செய்யுங்கள். கிரப் மெனுவில் ஈ-யை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்து பூட் செய்யுங்கள். அந்த ஒரு தடவைக்குத்தான், ரீபூட் செய்தால் போய்விடும். பிரவுசரைத் திறந்து ஸ்க்ரோல் செய்யுங்கள். அப்புறம், காரணம் தெரியாதவர் மாதிரி, லாகிலிருந்து ஆரம்பித்துத் தேடிக்கொண்டே வாருங்கள்.