பத்தாவது வருஷம்னு ஒண்ணு வரும்

டிகிரி முடிச்சுட்டு ஆர்மி ஆபீசரா போலாமா அண்ணான்னு கேக்குற பசங்க எல்லாருமே உள்ள நுழையறதப் பத்தித்தான் கேக்குறாங்க. வெளிய வந்தா என்ன பண்றதுன்னு ஒருத்தனும் கேக்கல.

நுழையற கதை ஈஸியா சொல்லிடலாம். யுபிஎஸ்சி வருஷத்துக்கு 2 தடவை சிடிஎஸ்னு ஆபீசர் வேலைக்கான எழுத்துத் தேர்வு நடத்துது, ஓடிஏக்கு (சென்னைல இருக்குற ஆபீசர் டிரெயினிங் அகாடமி) மட்டும் எழுதுனா மேத்ஸ் பேப்பர் கிடையாது (பி.காம் பசங்களுக்கு இதுவே பாதி உயிர் வந்த மாதிரி), அப்புறம் எஸ்எஸ்பின்னு ஆள் எடுக்குற இன்டர்வியூ, 5 நாள். அங்க மொத நாள் ஸ்க்ரீனிங்லயே நம்ம பசங்க நிறைய பேரு பெட்டியத் தூக்கிட்டு வந்துடறாங்க. மங்கலா ஒரு படத்த 30 செகண்ட் காட்டுவாங்க, கதை எழுதி குரூப்ல பேசணும், எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவான், நம்மாளு கிராமர் தப்பாயிடுமோன்னு வாயவே தொறக்க மாட்டான். ஓட்ட இங்கிலீஷ்ல பேசி செலக்ட் ஆனவங்கள நானே பாத்திருக்கேன்.

செலக்ட் ஆனா பரங்கிமலைல அந்த ஓடிஏல 49 வாரம் டிரெயினிங். சென்னைப் பையனா இருந்தா இன்னும் கொடுமை, வீடு குரோம்பேட்டைல இருக்கும், ஆனா அம்மா சமையல் கனவுலதான்.

லெப்டினன்டா போயி 2 வருஷத்துல கேப்டன், 6 வருஷத்துல மேஜர், எல்லாம் நல்லாத்தான் போகும். ஆனா ஓடிஏ வழியா போறது ஷார்ட் சர்வீஸ், அதாவது 10 வருஷம்தான், அப்ப பெர்மனென்ட் கமிஷன் கெடச்சா ரிட்டயர் ஆகுற வரைக்கும் இருக்கலாம், இல்லன்னா இன்னொரு 4 வருஷம் நீட்டிக்கலாம், அவ்ளோதான். பென்ஷனுக்கு 20 வருஷ சர்வீஸ் வேணும், அதனால 14ல வெளிய வர்றவனுக்கு கிராஜுவிட்டியோட சரி. வயசு 35ஐத் தாண்டியிருக்கும், கூடப் படிச்சவன் அதுக்குள்ள வேளச்சேரில ரெண்டாவது பிளாட்டுக்கு இஎம்ஐ கட்டிட்டு இருப்பான்.

நான் மேஜரா இருந்து ஆர்மிய விட்டு வெளிய வந்ததும் ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனி இன்டர்வியூ. ஹெச்ஆர் பொண்ணு ரெஸ்யூமே ஃபுல்லா படிச்சுட்டு ரொம்ப மரியாதையா, "சார், உங்களுக்கு செக்யூரிட்டி சைடு ஓகேவா?"ன்னு கேட்டுச்சு. பனி மூடுன ரோட்டுல 100 பேருக்கு மேல ரேஷன், மண்ணெண்ணெய், வண்டி, லீவு எல்லாத்தையும் ஒரு நாள் பிசகாம ஓட்டுனவன் நான், அதுக்குப் பேரு இங்க ஆபரேஷன்ஸ், சப்ளை செயின், ஆனா மேஜர்னு பாத்த உடனே அவங்களுக்கு வாசல் கேட்டும் சிசிடிவியும்தான் ஞாபகத்துக்கு வருது. கோவம் வந்துச்சு, இப்பவும் வருது. அப்புறம் ஐஐஎம்ல ஆபீசர்ஸுக்குன்னே இருக்குற 6 மாச கோர்ஸ் பண்ணேன், இப்ப ஒரகடம் பக்கம் ஒரு வேர்ஹவுஸ பாத்துக்கறேன், ரிப்போர்ட் பண்றது என்னவிட 4 வயசு சின்னப் பையன்கிட்ட, நல்ல பையன்தான்.

போக வேண்டாம்னு சொல்லல, திரும்பவும் 22 வயசுன்னா திரும்பவும் போவேன். ஆனா சர்வீஸ்ல ஏழாவது எட்டாவது வருஷமே கரஸ்ல (தபால் வழில) ஏதாவது படிச்சு வைங்க, யூனிட்ல பாத்த வேலைய சிவில்காரனுக்குப் புரியற பாஷைல எழுதிப் பழகுங்க. எங்க அத்தை பையன் இப்ப கேப்டன், போன வாரம் போன் பண்ணி சப்ளை செயின் கோர்ஸ் எது நல்லதுன்னு விசாரிச்சான், அத்தை காதுக்கு மட்டும் போகக்கூடாதாம், பையன் ஜெனரல் ஆயிடுவான்னு அவங்க தெரு பூரா சொல்லி வச்சிருக்காங்க.