தண்ணீரில் தெரிந்த 3 துளிகள்

வெறும் தண்ணீருக்காக மூன்று வாரம் போனது. சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களின் ரத்தத்தில் சிஎம்வி (சைட்டோமெகலோ) வைரஸை டிஜிட்டல் பிசிஆரில் எண்ணும் டெஸ்ட்டை எங்கள் லேபில் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு. சாம்பிளை ஆயிலில் ஆயிரக்கணக்கான துளிகளாகப் பிரித்து, வைரஸ் டிஎன்ஏ இருந்து ஒளிரும் துளிகளை (பாசிட்டிவ்) எண்ணும் முறை இது. வழக்கமான ரியல் டைம் பிசிஆர் பழகியவர்களுக்கு மெஷின் ஒரே நாளில் கைவந்துவிடும், அதில் சிக்கல் இல்லை.

முதல் ரன் என் அவசரத்தால் வீணானது. ஆயிலில் உருவான துளிகளை பிப்பெட்டில் வேகமாக இழுத்துவிட்டேன். 20,000 துளி வர வேண்டிய வெல்லில் (பிளேட்டில் உள்ள குழி) 7,000கூட இல்லை. 10,000-க்குக் கீழே போன வெல்லைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். இழுப்பதும் விடுவதும் மெதுவாக இருக்கட்டும், டிப்பைச் சாய்த்து வெல்லின் சுவரோடு விடுங்கள்.

அடுத்த ரன்னில் 16,000 துளி. ஆனால் வைரஸே இருக்கக் கூடாத தண்ணீர் கன்ட்ரோலில் 3 பாசிட்டிவ்! 20 மைக்ரோலிட்டர் ரியாக்‌ஷனில் வைரஸ் டிஎன்ஏவின் நாலைந்து பிரதிகள். அவ்வளவு குறைந்த வைரஸைப் பிடிக்கத்தானே இந்த மெஷினையே வாங்கினோம்?

உதவிக்கு அழைத்தால், "மூணு துளிதானே மேடம், த்ரெஷோல்டைக் கொஞ்சம் ஏத்திடுங்க" என்றார் எதிர்முனையில் இருந்தவர். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. த்ரெஷோல்ட் என்பது பாசிட்டிவ் துளிகளையும் நெகட்டிவ் துளிகளையும் பிரிக்கும் கோடு. நடுவில் மழைபோல் சிதறிக் கிடக்கும் துளிகள் என்றால் கோட்டை நகர்த்துவது பற்றி யோசிக்கலாம். இவை மூன்றும் நிஜ பாசிட்டிவ் நிற்கும் அதே உயரத்தில் நின்றன. கோட்டை ஏற்றினால் நோயாளியின் துளிகளும் சேர்ந்தே காணாமல் போகும்.

ஒவ்வொரு ரன்னிலும் ஒரே ஒரு பொருளை மாற்றினேன். புதுத் தண்ணீர்: 2 துளி. புது மாஸ்டர் மிக்ஸ் (என்சைம் உள்ள கலவை): 4. புது பிரைமர் (வைரஸ் டிஎன்ஏவில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு): பூஜ்யம். பழைய பிரைமர் ட்யூப், வைரஸ் டிஎன்ஏ உள்ள பாசிட்டிவ் கன்ட்ரோல் இருந்த அதே பெட்டியில்தான் இருந்திருக்கிறது. இரண்டையும் தனி ஃப்ரீசரில் வையுங்கள். பிரைமர் வந்த அன்றே சின்னச் சின்ன ட்யூப்களில் பிரித்துவிடுங்கள்.

இதற்கிடையே ஒரு சாம்பிளில் வைரஸும் இல்லை, டெஸ்ட் வேலை செய்ததா என்று காட்டும் இன்டர்னல் கன்ட்ரோலும் எழவில்லை. ட்யூபைத் தேடி எடுத்துப் பார்த்தால் பச்சை மூடி. ரத்தம் உறையாமல் வைக்கும், ஆனால் பிசிஆரைத் தடுக்கும் ஹெப்பாரின்! டிஜிட்டல் பிசிஆர் தடைப்பொருள்களை ஓரளவு தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஊதா மூடி ஈடிடிஏ ட்யூப் என்று படிவத்தில் பெரிதாக எழுதாதது எங்கள் தவறு. அந்த சாம்பிளைக் கொடுத்த அம்மா மறுபடி அலைய வேண்டியதாயிற்று.

அவர் வருவதற்குள் தண்ணீரும் சிஎம்வி இல்லாத பிளாஸ்மாவுமாக 24 வெல் ஓட்டினேன். 23-ல் பூஜ்யம், ஒன்றில் மட்டும் 1 துளி. 3 துளிக்குக் குறைந்தால் பாசிட்டிவ் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். அவருடைய புது சாம்பிளை 4 வெல்லில் போட்டேன்: 6, 8, 5, 7. பக்கத்திலேயே தண்ணீர், நான்கிலும் பூஜ்யம். அன்று மாலையே டாக்டருக்கு ரிப்போர்ட் போனது.