முனிர்க்காவில் ஒரு வீடு

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத் தோழிக்கு வீடு பார்க்க டெல்லி முனிர்க்கா போயிருந்தோம். மணிப்பூர்ப் பெண். என்னிடம் சிரித்துப் பேசிய வீட்டுக்காரர், வாடகைக்கு வரப்போவது அவள் என்றதும் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “இவங்க சமையல் நாத்தம் தாங்காது. நீங்க வர்றதா இருந்தா சொல்லுங்க” என்று இந்தியில் என்னிடம் சொன்னார். அவளுக்கு என்னைவிட நன்றாக இந்தி தெரியும். பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

2014 ஜனவரியில் இதே ஊரில், லாஜ்பத் நகரில், தலைமுடியைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் அடிபட்டு இறந்தான் அருணாசலப் பிரதேச மாணவன் நிடோ தானியா. அப்புறம் வடகிழக்கு மக்களின் பிரச்சினைகளை ஆராய மத்திய அரசு அமைத்த பெஸ்பரூவா குழு, இனவெறிக்கு எதிராகக் கடுமையான சட்டம் கேட்டது. வடகிழக்கு மக்களுக்கென்று 1093 என்ற போலீஸ் உதவி எண்ணும் இருக்கிறது. சட்டைப்பைக்குள் போன சாவியை எப்படிப் புகார் செய்வது?

ஆர்.கே.புரம் பக்கம் நம்மவர்கள் யாரிடமாவது வீடு காலியாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் வேண்டும்.