டைனமோ கணக்கு

நவம்பர் 3, 2025, திங்கள்

நேற்று இரவு கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் கேரட் ஏற்றினேன். விடிவதற்குள் மதுரை மாட்டுத்தாவணியில் இறக்க வேண்டிய சரக்கு. பெருமாள்மலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பரையும் முகப்பு விளக்கையும் ஒன்றாகப் போட்டதும் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. ஹார்னுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மீட்டர் பலகையில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தும் எரியாமலும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணிலிருந்து விலகிய பிறகே அது தெரியும். அவ்வளவு மங்கல்.

என்னுடையது 2012 மாடல், பழைய பம்ப் வைத்த டீசல் வண்டி. ஒருமுறை என்ஜின் பிடித்துவிட்டால் பெரிதாக மின்சாரம் கேட்காது. அதனால்தான் இறங்கி வர முடிந்தது. மதுரையில் சரக்கை இறக்கியபின் சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரே ஒரு சத்தம். மூட்டை இறக்கியவர்களே தள்ளிவிட்டார்கள்.

நவம்பர் 4, செவ்வாய்

புதுப் பேட்டரி வாங்கினேன். 6,900 ரூபாய், பழையதற்கு 900 கழித்துக்கொண்டார்கள். “போன வருஷம்தானே ஒன்று வாங்கினீர்கள்?” என்று வீட்டில் கேட்டாள். வண்டி நோட்டு எழுதுவது அவள்தான். இப்போதெல்லாம் பேட்டரி அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

புதுப் பேட்டரியும் இறங்கிவிட்டது.

எலக்ட்ரீஷியன் கடையில் என்ஜின் ஓடும்போது மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். 12.1 வோல்ட். சார்ஜ் ஏறினால் பதினாலுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். ஆக, பழுது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோவில். ஆல்டர்னேட்டர் என்பதுதான் சரியான பெயர். எங்கள் பக்கம் பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மின்சாரத்தை ஒரே திசையில் விடுகிற டையோடுகள் இருக்கும் தட்டில் ஒன்று போயிருந்ததாம். விளக்கு மங்கலாக எரிந்ததற்கும், நிறுத்தி வைத்த வண்டியில் இரவோடு இரவாகப் பேட்டரி வடிந்ததற்கும் அதுவே காரணம். டையோடு தட்டு, கார்பன் பிரஷ், ஒரு பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 3,800. மீட்டர் 14.2 காட்டியது. இதை முதலிலேயே பார்த்திருந்தால் அந்தப் பழைய பேட்டரி இன்னும் என்னிடமே இருந்திருக்கும். நல்ல பேட்டரியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டேன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. துண்டுச் சீட்டில் கணக்கு எழுதித் தருகிற இடத்தில் அதனால் எனக்கு என்ன லாபம்?

நவம்பர் 13, வியாழன்

இதை உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதே பெரிது.

அதிகாலை மூன்று மணி இருக்கும். ஊத்து என்கிற ஊரைத் தாண்டி மலையிறங்கிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் பட் என்று ஒரு சத்தம். பேட்டரி விளக்கு இந்த முறை பளிச்சென்று எரிந்தது. முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவதில் பாதி. மூன்றாவதில் மிதி கல்லாகிவிட்டது. ஏறி நின்றாலும் இறங்காது போலிருந்தது. பின்னால் ஒன்றரை டன் கேரட். இரண்டாம் கியருக்கு மாற்றி, கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கமாகவே ஒட்டி, அகலமான ஓர் இடம் பார்த்து நிறுத்தினேன். கையிலிருந்த டார்ச் நடுங்கியது, குளிரினால் அல்ல.

டீசல் வண்டி ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரேக் மிதி இலகுவாக இருக்க பூஸ்டருக்குக் காற்றை உறிஞ்சி வெற்றிடம் தர வேண்டும். பெட்ரோல் என்ஜின் அதைத் தன் மூச்சிலேயே கொடுத்துவிடும். டீசலுக்குத் தனி வாக்குவம் பம்ப் வேண்டும். என் வண்டியில் அந்தப் பம்ப் டைனமோவின் முதுகிலேயே, அதே தண்டில் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டுமா போகும்? பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மிதிக்குத்தான் வரும்.

அறுந்த பெல்ட் கையில் வழவழவென்று எண்ணெயாக, ஊறிய தோல் மாதிரி இருந்தது. இருக்கைக்கு அடியில் கிடந்த பழைய பெல்ட்டை மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வத்தலக்குண்டு வந்து சேர்ந்ததும் மீட்டர் மறுபடி 12.4. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டேன். வாடகை போயிற்று.

நவம்பர் 14, வெள்ளி

புது டைனமோ, பம்போடு சேர்த்து 16,500 என்றார்கள். வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். பக்கத்து வண்டிக்காரர் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். பெயர்ப்பலகைகூட இல்லாத பட்டறை.

அவர் மீட்டரை எடுக்கவே இல்லை. டைனமோவின் காற்றுத் துளைக்குள் சுண்டுவிரலை விட்டு, எடுத்து, முகர்ந்து பார்த்தார். “தம்பி, இது என்ஜின் ஆயில். இதற்குள் எப்படி வந்தது?”

வாக்குவம் பம்புக்கு மசகாக என்ஜினிலிருந்து ஆயில் ஒரு குழாயில் வரும், இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பிப் போகும். பம்புக்கும் டைனமோவுக்கும் நடுவே ஒரு சீல்தான் காவல். சீல் விட்டதால் ஆயில் காயிலை நனைத்து, கார்பனைப் பசையாக்கி, ஒழுகி, விசிறிக் காற்றில் சிதறிப் பெல்ட்டையும் ஊறவைத்துவிட்டது. சரி, சீலை மாற்றுங்கள் என்றேன். “சீல் ஏன் விட்டது?” என்றார்.

திரும்பும் ஹோஸைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பியது, நெற்றி நரம்பு புடைத்தது, காற்று போகவில்லை. பிளேடால் நெடுக அறுத்து விரித்துக் காட்டினார். உள்சுவர் ஊறி, வீங்கி, அப்பளம் பொரிந்தாற்போல் எழும்பி வழியை அடைத்திருந்தது. “இது தண்ணீர் ஹோஸ். ஆயிலுக்குத் தாங்காது. எந்தப் புண்ணியவான் மாட்டினான்?”

எனக்கும் கோபம்தான். எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, விட்ட பட்டறையில்தான் யாரோ செய்திருக்க வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 17, திங்கள்

காயில் கட்டி, சீலும் மாற்றி 5,400. ஆயில் ஹோஸ் 180. மீட்டர் 14.2. பிரேக் மிதி பட்டுப்போல் இறங்குகிறது.

இரவு நோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். பேட்டரி 6,000, முதல் வேலை 3,800, பிறகு 5,400, ஹோஸ் 180. ஆக 15,380. இன்னும் 1,120 போட்டிருந்தால் புதுசே வந்திருக்கும் என்றாள். புதுசும் அந்த ஹோஸோடு அடுத்த மழைக்குள் போயிருக்கும் என்று விளக்கினேன். பட்டறைக்காரர்களின் அலட்சியம் பற்றியும் சற்று உரக்கவே பேசினேன்.

அவள் மறுபேச்சுப் பேசாமல் பழைய நோட்டை எடுத்துப் பக்கங்களைத் திருப்பினாள். 2024 ஆகஸ்ட் 11. அன்று அவள் ஊரில் இல்லை, கணக்கை நான் எழுதியிருக்கிறேன். டீசல், சுங்கம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்தில் ஒரு வரி: ‘டைனமோவுக்கு ஹோஸ் துண்டு, மோட்டார் கடை, ரூ. 40.’